பிள்ளைக்கு ஆங்கிலப் பெயர்: ஓசையும் பொருளும்



இன்று ஒரு வீட்டை மனக்கண்ணால் பார்ப்போம். சிங்கப்பூரில் சுவா சூ காங் வட்டாரத்தில் உள்ள அடுக்குமாடி வீடு அது. பெண் குழந்தை பிறந்து சில நாட்கள் ஆகின்றன. தாத்தா ஜொகூர் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்தவர். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். மருமகள் மெல்லக் கேட்கிறாள்: "மாமா, பிள்ளைக்கு மார்கரெட் என்று பெயர் வைக்கலாம் என்று நினைக்கிறோம். உங்களுக்குச் சம்மதந்தானே?" தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொல்கிறார்: "எங்கள் அம்மா பெயர் முத்தம்மா. அந்தப் பெயர் இந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு வரும் என்று இருந்தேன், அம்மா."

இது கற்பனை வீடுதான். ஆனால் இத்தகைய பேச்சு எழாத வீடு இன்று நம்மிடையே குறைவு. தோட்டத்து லயத்திலும் நகரத்து அடுக்குமாடியிலும் இளம் பெற்றோர் ஆங்கிலப் பெயர்களை நாடுகின்றனர். அதைக் கேட்டதும் சிலர் கோபம் கொள்கின்றனர். சிலர் பெருமை கொள்கின்றனர். கோபத்தையும் பெருமையையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, அவற்றின் பொருள் என்ன, நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தன என்று வரலாற்றைப் பார்ப்போம். அதன்பின் அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

முதலில் அந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'சுவா' என்பது சீனர்களின் குலப் பெயர்களுள் ஒன்று. 'காங்' என்றால் ஆறு. ஆற்றங்கரையில் அந்தக் குலத்தார் அமைத்த குடியிருப்பு என்பது ஊர்ப் பெயரின் கருத்து. லிம் சூ காங், இயோ சூ காங் என்னும் ஊர்களும் இவ்வாறே குலப் பெயரால் அமைந்தவை. 19ஆம் நூற்றாண்டில் தியோச்சியூ மக்கள் இங்கே காட்டை வெட்டி, மிளகும் காம்பியரும் பயிரிட்டனர். பின்னர் ரப்பர் வந்தது. 1877இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்த சில கன்றுகளிலிருந்தே இந்த வட்டாரத்துப் பால்மரக் காடுகள் பெருகின. இன்று அந்த இடத்தில் புதுநகரம் எழுந்துவிட்டது. 1990இல் ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. காடு போயிற்று, பயிர் போயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது. அந்தப் பெயரும் ஒரே வடிவில் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஊர்ப் பெயரில் 'ஓ' என்னும் எழுத்தும், தேர்தல் தொகுதியின் பெயரில் அதே இடத்தில் 'யூ' என்னும் எழுத்தும் வருகின்றன. ஒரே ஊர், ஒரே பெயர், எழுத்து மட்டும் இரண்டு! பெயரைத் தாங்குபவர் ஒருவர், அதை ஏட்டில் எழுதுபவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் ஆகும்.

இதை நம் முன்னோர் நன்கு அறிவார்கள். பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் நின்று, கிராணியார் செக்ரோல் ஏட்டைப் பார்த்துக் கூப்பிட்ட பெயருக்கு "ஆஜர்" சொன்னவர்கள் அவர்கள். முனுசாமி என்ற ஒரே பெயர் ஏட்டுக்கு ஏடு வேறு எழுத்தில் இருக்கும். அண்ணன் பெயர் ஒரு விதமாகவும், தம்பி சான்றிதழில் உள்ள தந்தை பெயர் இன்னொரு விதமாகவும் இருக்கும். பின்னாளில் சேமநிதிப் பணம் வாங்கவும், குடியுரிமை கேட்கவும் போனபோது, ஓர் எழுத்து வேற்றுமைக்காக அலைந்த குடும்பங்கள் எத்தனை! ஆகவே பெயர் என்பது வெறும் ஓசை அன்று; அது வாழ்க்கை முழுதும் காட்ட வேண்டிய சீட்டு.

தமிழரின் பழைய வழக்கம் என்ன? மகனுடைய மகனைப் 'பேரன்' என்கிறோம். 'பெயரன்' என்பதே பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். 'பெயர்த்தி' பேர்த்தி ஆனாள். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூசும் மருமகள், அதே பெயர் கொண்ட பிள்ளையை வீட்டில் வேறு செல்லப் பெயரால் அழைப்பாள். ஆகவே ஏட்டுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்பது நமக்குப் புதிதன்று.

நம் பெயர்களில் துன்ப வரலாறும் உண்டு. முன்பிறந்த பிள்ளைகள் இறந்து, அடுத்த பிள்ளையாவது நிலைக்க வேண்டும் என்று அஞ்சியவர்கள் பிச்சை என்றும், குப்பம்மா என்றும், குப்புசாமி என்றும் பெயர் வைத்தனர். மதிப்பற்றது போலப் பெயரிட்டால் எமனும் திரும்பிப் பாரான் என்ற நம்பிக்கை. ஆண்பிள்ளை வேண்டிய வீட்டில் அடுத்தடுத்துப் பெண் பிறந்தபோது 'போதும்பொண்ணு' என்று வைத்ததும் உண்டு. குப்பம்மா என்ற பெயரில் அன்பு மறைந்திருந்தது. போதும்பொண்ணு என்ற பெயரிலோ சலிப்பு வெளிப்படையாக இருந்தது. அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தான் வேண்டாத பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. பொருள் என்பது எவ்வளவு தூரம் ஒருவரைத் தொடரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, அயல்நாட்டுப் பெயர்கள் நம்மிடம் வந்த கதைக்கு வருவோம்.

அவை ஒரே நாளில் வந்தவை அல்ல. முதல் அலை போர்த்துக்கீசியரோடு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தார். அவர் பெயரிலிருந்து சவரிமுத்து வந்தது. அந்தோணி, மிக்கேல், சூசை ஆகியவையும் அக்காலத் தொடர்பால் வந்தவையே. தமிழ் நாக்குக்கு ஏற்ப அவை உருண்டு திரண்டு, இன்று நம் ஊர்ப் பெயர்களாகவே ஒலிக்கின்றன.

அடுத்து நடந்தது நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. கத்தோலிக்கத் தமிழர்கள் பல பெயர்களை ஓசையால் வாங்காமல் பொருளால் வாங்கினர். யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு 'இறைவன் அருளுடையவர்' என்பது பொருள். தமிழில் அவர் அருளப்பர் ஆனார். பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்று பொருள், சின்னப்பர் ஆனார். பேதுரு என்றால் பாறை. அவரை இராயப்பர் என்றனர். தெலுங்கில் 'ராயி' என்றால் கல் அல்லவா? அருளப்பன், சின்னப்பன், இராயப்பன் என்று அழைக்கும்போது அது அயல் பெயர் என்று யாருக்குத் தோன்றும்?

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததோடு புராட்டஸ்டண்டு சமயப்பணி தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பள்ளிகள் திறந்தனர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் பணியைத் தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையிலும் 1824இல் உடுவிலிலும் விடுதியோடு கூடிய பள்ளிகளை அமைத்தது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க அன்பரின் பெயரையோ, அவர் விரும்பிய பெயரையோ அந்தப் பிள்ளைக்கு வைத்தனர். புலவர் சதாசிவம்பிள்ளை ஆர்னல்டு ஆனதும், விசுவநாதபிள்ளையின் பெயரோடு கரோல் சேர்ந்ததும் அந்தச் சூழலில்தான். ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற நூலை வெளியிட்டுத் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். பெயரின் முன்பாதி ஆங்கிலமாயினும் அவர் தொண்டு தமிழுக்கே! இதையும் நாம் மறக்கலாகாது.

சிங்கப்பூருக்கு இந்தப் பெயர்கள் கப்பலேறி வந்தன. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக ஓபீர் சாலையில் எழுந்த லூர்து மாதா ஆலயம் 1888இல் முடிவுற்றது. சிராங்கூன் சாலைக் கோயில்களுக்கு அது நெடுந்தொலைவு அன்று. ஒரு பக்கம் பஞ்சாங்கம் பார்த்து, அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா என்று முதலெழுத்துத் தேடிப் பெயர் வைத்தார்கள். மறுபக்கம் ஞானத்தொட்டியருகே புனிதர் பெயரை வைத்தார்கள். இரண்டு வகை மக்களும் ஒரே கடைத்தெருவில் காய்கறி வாங்கினார்கள்.

சுவா சூ காங்கில் பெரிய இடுகாடு ஒன்று உண்டு. சிங்கப்பூரில் இன்றும் புதிதாக அடக்கம் நடைபெறும் ஒரே இடுகாடு அதுதான். பல சமயத்தாருக்கும் அங்கே பகுதிகள் உள்ளன. 1907 முதல் 1972 வரை அடக்கம் நடைபெற்ற பிடாடாரி இடுகாடு பின்னர் அகழப்பட்டபோது, எடுக்கப்பட்ட எச்சங்களுள் ஒரு பகுதி இங்கே கொண்டுவரப்பட்டது. நிலம் சுருங்கிய நாட்டில் இறந்தவரும் இடம் பெயர வேண்டியிருக்கிறது. உடன் பெயர்ந்து வருவது எது? கல்லில் வெட்டிய பெயர்தான். ஆகவே தொட்டிலில் நாம் வைக்கும் பெயர் அத்தனை தொலைவு போகவிருக்கிறது.

சரி, 'ஆங்கிலப் பெயர்' என்கிறோமே, அவற்றுள் ஆங்கிலம் எவை? இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாம் ஆங்கிலம் என்று எண்ணும் பெயர்களில் பெரும்பகுதி ஆங்கிலமே அன்று. ஜான், மேரி, எலிசபெத், ஜோசப் ஆகியவை எபிரேயம். தாமஸ் அரமேயம், இரட்டையருள் ஒருவர் என்பது பொருள். பீட்டர், ஸ்டீபன், சோபியா, ஐரின் ஆகியவை கிரேக்கம். ஸ்டீபன் என்றால் மகுடம். சோபியா என்றால் ஞானம். ஐரின் என்றால் சாந்தி. விக்டர், விக்டோரியா, லூசி, கிளாரா ஆகியவை இலத்தீன். வெற்றியும் ஒளியுமாகப் பொருள் தருபவை. வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு, ஹென்றி ஆகியவையோ ஜெர்மானிய வேர் உடையவை. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர்கள் கொண்டுவந்தவை. அதாவது, ஆங்கிலேயரும் தம் பெயர்களை அயலாரிடமிருந்தே வாங்கியிருக்கிறார்கள்!

ஜார்ஜ் என்ற பெயரைப் பாருங்கள். ஆறு மன்னர்கள் தாங்கிய பெயர் அது. பல தோட்டத்துத் துரைமார்களும் அந்தப் பெயரோடு வந்திருப்பார்கள். அது கிரேக்கச் சொல். 'கே' என்றால் மண்; 'எர்கோன்' என்றால் வேலை. மண்ணில் வேலை செய்பவன், உழவன் என்பதே ஜார்ஜ் என்னும் பெயரின் பொருள். முடிசூடிய மன்னரின் பெயருக்குள் உழைப்பாளி உட்கார்ந்திருக்கிறான்! மண்வெட்டி பிடித்த நம் பாட்டனார்களுக்கு இது தெரிந்திருந்தால் சிரித்து மகிழ்ந்திருப்பார்கள்.

அப்படியானால் உண்மையான ஆங்கிலப் பெயர்களே இல்லையா? உண்டு. நார்மானியர் வருகைக்கு முன் ஆங்கிலேயர்கள் நம்மைப் போலவே இரண்டு சொற்களைச் சேர்த்துப் பெயர் அமைத்தார்கள். 'எட்' என்பது செல்வம், 'வார்டு' என்பது காவலன்; எட்வர்டு என்றால் செல்வக் காவலன். நம் தனபாலன் என்ற பெயரும் அதுவேயன்றோ? எட்வின் என்றால் செல்வ நண்பன். ஹெரால்டு என்பதில் படையும் ஆட்சியும் சேர்ந்துள்ளன. ஆல்பிரட் என்றால் வன தேவதைகளின் அறிவுரை. மில்ட்ரெட் என்றால் மென்மையும் வலிமையும். டெய்சி என்னும் பூவின் பெயரோ 'பகலின் கண்' என்னும் சொற்களிலிருந்து வந்தது. பகலில் விரிந்து இரவில் கூம்பும் பூ அது.

நார்மானிய ஆட்சியில் இப்பெயர்களுள் பெரும்பாலானவை மங்கிப்போயின. ஆளவந்தவர்களின் பெயர்களையே ஆளப்பட்டவர்களும் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். எட்வர்டு போன்ற சில மட்டுமே, புனித மன்னர் ஒருவரின் நினைவால், தொடர்ந்து வாழ்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்குத் தம் பழம்பெருமையில் நாட்டம் பிறந்தபோது, ஆல்பிரட், எட்வின், எடித், ஹெரால்டு ஆகியவை மீண்டும் உயிர்பெற்றன. நம் நாடுகளில் பள்ளிகளும் ஆலயங்களும் பெருகிய காலமும் அதுவே. ஆகையால்தான் பழைய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்பெயர்களை மிகுதியாகக் காண்கிறோம்.

இன்னொரு வகை தோட்டத்து மக்களாகிய நமக்கு மிக நெருங்கியது. ஸ்டான்லி, ஆஷ்லி, பிராட்லி, ஷெர்லி என்று 'லி' என்று முடியும் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அந்த 'லி' என்பது பழைய ஆங்கிலத்தில் காட்டினிடையே வெட்டித் திருத்திய வெளியைக் குறிக்கும். ஸ்டான்லி என்றால் கல் நிறைந்த வெளி. பிராட்லி என்றால் அகன்ற வெளி. ஷெர்லி என்றால் வெளிச்சமான வெளி. இவை முதலில் இடப் பெயர்கள். பிறகு குடும்பப் பெயர்கள். அதன் பிறகே பிள்ளைகளின் பெயர்கள் ஆயின. ஷெர்லி பெண் பெயராகப் பரவியதற்கு 1849இல் சார்லட் பிரான்டி எழுதிய நாவலே காரணம். காட்டை வெட்டித் தோட்டமாக்கிய நம் முன்னோரின் வேலைதான் இப்பெயர்களுக்குள் இருக்கிறது.

எல்லாப் பெயரின் பொருளும் இனியது என்று எண்ண வேண்டாம். இன்று விரும்பப்படும் கெல்வின் வேறு, கால்வின் வேறு. கால்வின் என்ற பெயரின் இலத்தீன் வேருக்கு 'வழுக்கை' என்று பொருள். கிளாடியாவின் வேருக்கு 'நொண்டி' என்றும், சிசிலியாவின் வேருக்குப் 'பார்வையற்ற' என்றும் பொருள். மலேசியத் தேயிலைத் தோட்டத்தார் அனைவரும் அறிந்த கேமரன் மலை, 1885இல் அங்கே நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயரால் அமைந்தது. அது ஆங்கிலமன்று, ஸ்காட்லாந்துக் கேலிக் மொழி. 'கோணல் மூக்கு' என்று பொருள் சொல்வார்கள். இப்பெயர் உடையவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசுவோர் செவிக்கு அந்தப் பொருள் கேட்பதே இல்லை. அவர்களுக்குப் பெயர் வெறும் அடையாளம். நமக்கோ அறிவழகன் என்றதும் அறிவும் அழகும் காதில் விழுகின்றன. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரை மாற்றிக்கொள்வதும் உலகத்து வழக்கமே. 1916இல் வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டார் மறைமலையடிகள். வேதம் மறை ஆயிற்று. அசலம் மலை ஆயிற்று. அதற்கு அடுத்த ஆண்டே, 1917இல், ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்து அரச குடும்பமும் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற தன் ஜெர்மானியப் பெயரை விட்டு வின்சர் என்ற ஆங்கில ஊர்ப் பெயரை ஏற்றது. 1953இல் சோவியத் தலைவர் ஸ்டாலின் மறைந்த வேளையில், கலைஞர் கருணாநிதி தம் மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். தமிழரின் பெருமை பேசிய இல்லத்திலும் அயல் பெயர் ஒரு கொள்கைக்காக இடம் பெற்றது. சிங்கப்பூரிலோ, தேக்கா சந்தைக்கு 1982இல் சூஜியாவ் என்று மாண்டரின் ஓசையில் பெயர் வைத்துப் பார்த்தார்கள். மக்கள் நாவில் அது நிற்கவில்லை. 2000இல் மீண்டும் தேக்காவே ஆயிற்று. ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. நாவும் ஏற்க வேண்டும்.

நாவைப் பற்றிச் சொன்னோம். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் நம் பாட்டிமார் ராபர்ட்டு என்றும் ஆல்பிரட்டு என்றும் ஓர் உகரம் சேர்த்தே அழைப்பார்கள். அது தவறன்று, நம் மொழியின் இயல்பு. ஆனால் சுருக்கப் பெயரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்ரீசியா என்று வைத்துவிட்டுப் பள்ளித் தோழியர் 'பாட்டி' என்று சுருக்கினால், தொட்டில் குழந்தை பாட்டியாகிவிடும்!

ஆகவே பெயர் தேடும் பெற்றோருக்கு நாம் சொல்லக் கூடியவை சிலவே. பெயரின் மூல மொழியையும் பொருளையும் நம்பத் தக்க அகராதியில் பாருங்கள். வீட்டில் மூத்தவர் வாயால் ஒருமுறை, பள்ளிப் பிள்ளை வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளில் எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்கப்பூரில் 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அவசரத்தில் விழும் ஓர் எழுத்து, பிள்ளையின் ஆயுள் முழுதும் தொடரும். வேண்டுமானால் ஒரு தமிழ்ப் பெயரையும் உடன் சேருங்கள்.

இப்போது சுவா சூ காங் வீட்டுக்குத் திரும்புவோம். தாத்தா கேட்ட பெயர் முத்தம்மா. மருமகள் கேட்ட பெயர் மார்கரெட். மார்கரெட் என்பது கிரேக்க மொழியில் 'மார்கரிடேஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? முத்து! இருவரும் கேட்டது ஒரே பொருளைத்தான்.

அதனால் வழக்குத் தீர்ந்தது என்று நாம் எழுந்து போய்விட முடியாது. மார்கரெட்டுக்கு முத்து என்று அகராதி சொல்லும். இருட்டோடு எழுந்து, பிள்ளையைத் தொட்டிலில் விட்டு, வாளியும் உளியுமாகப் பால்மரக் காட்டுக்கு நடந்த முத்தம்மாவைப் பற்றி எந்த அகராதியும் சொல்லாது. அதை வீடுதான் சொல்ல வேண்டும். மார்கரெட் என்றே எழுதட்டும். முத்து என்று வீட்டில் அழைக்கட்டும். அல்லது முத்து என்றே ஏட்டிலும் எழுதட்டும். அது அந்தப் பெற்றோரின் உரிமை. ஆனால் பிள்ளை வளர்ந்து, "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்கும் நாள் வரும். அன்று, "கேட்க நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல ஒரு விடை நம் கையில் இருக்க வேண்டும்.

தாத்தா இருக்கும்போதே அந்த விடையைக் கேட்டு வைத்துக்கொள்வோம்.